நாலு குரல் நர்ஸம்மா

எதிரில் இருப்பவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிற பழக்கம் நர்ஸம்மாவுக்குக் கிடையாது. வேறு ஊராக இருந்தால் இதை யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். எங்கள் ஊர் அவினாசி ரோட்டில், கோயமுத்தூருக்கும் கருமத்தம்பட்டிக்கும் நடுவில் இருக்கிறது. இங்கே ஒருவர் பேசும்போது இன்னொருவர் வாய் திறப்பதில்லை. தப்பித்தவறி இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஆரம்பித்துவிட்டால் இரண்டு பேரும் சட்டென்று நிறுத்திவிடுவோம். "நீங்க சொல்லுங்க", "அட, இல்லீங்க, நீங்க சொல்லுங்க" என்று மாற்றி மாற்றி விட்டுக்கொடுத்து, கடைசியில் சொல்ல வந்தது இன்னதென்றே மறந்துபோய் வீட்டுக்குப் போவோம். இந்த ஊருக்குத்தான் நர்ஸம்மா வந்து சேர்ந்தார்.

அசலூர்க்காரர் என்றால் மன்னித்துவிட்டிருப்போம். அவர் பல்லடத்துக்காரர். எங்களைப் போலவே எல்லாச் சொல்லுக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். "சித்த வாய மூடுங்க" என்பார். "நீங்க சொல்றது சுத்தப் பொய்யுங்க" என்பார். மரியாதைக்கு ஒரு குறைவும் இருக்காது. மெட்ராசில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்துவிட்டு, எங்கள் ஊர் மாதா கோயிலை ஒட்டிய மருந்துச் சாலைக்கு வேலைக்கு வந்தார். பைக்காரா ஆற்றிலிருந்து மின்சாரம் வந்து ஊரைச் சுற்றி மில்லுகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம் அது. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று அவரிடம் பல பேர் கேட்டிருக்கிறார்கள். கேள்வி முடிவதற்குள் அவர் பதிலை ஆரம்பித்துவிடுவார். கேட்டவர்கள் மரியாதையாக நிறுத்திக்கொள்வார்கள். பதிலோ குழந்தைக்குச் சளிக் கஷாயம் கொடுப்பதைப் பற்றி இருக்கும்.

ஆனால் ஒன்று. குறுக்கே பேசினாரே தவிர, அவர் காதை மூடிக்கொண்டு பேசியதில்லை. மருந்துச் சாலையில் நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் வயிற்றுவலியைச் சொல்லுவாள், இன்னொருத்தி குழந்தையின் பேதியைச் சொல்லுவாள், மூன்றாவது ஒருத்தி மாமியாரைச் சொல்லுவாள். மூன்று பேரையும் ஒரே நேரத்தில் சொல்லச் சொல்லிவிட்டு, நர்ஸம்மா பாட்டுக்குத் தானும் எதையாவது பேசிக்கொண்டிருப்பார். கடைசியில் வயிற்றுவலிக்காரிக்கு மருந்தும், பேதிக்கு மருந்தும், மாமியாருக்கு ஒரு யோசனையும் தப்பாமல் போய்ச் சேரும். ஒரு தடவைகூட மாறினதில்லை.

பண்ணாடி வீட்டில் நடந்ததை ஊரே ரொம்ப நாள் பேசியது. பண்ணாடி என்று நாங்கள் சொல்லுவது ஊரின் பெரிய நிலக்காரரை. ஊரில் பாதிப் பேர் அவர் தோட்டத்தில்தான் வேலை செய்தார்கள். அவர் பேசும்போது காக்காய்கூட யோசித்துத்தான் கத்தும். அவருடைய மகளுக்குத் தலைப்பிரசவம். கவலையில் மனிதர் முன்கட்டு ஆசாரத்தில் உலாத்திக்கொண்டே, தன் அக்காவின் பிரசவம், அத்தையின் பிரசவம் என்று குடும்பத்துச் சங்கதியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து வந்த நர்ஸம்மா, அவர் பேச்சின்மேலேயே வெந்நீர் எங்கே என்று வேலைக்காரியைக் கேட்டார். பழந்துணி கொண்டுவரச் சொன்னார். பண்ணாடியை ஓரமாக நிற்கச் சொன்னார். பண்ணாடி பாதிப் பேச்சில் நின்றுபோனார். அவர் வாழ்க்கையில் அப்படி நடந்ததில்லை. குழந்தை பிறந்த பிறகு நர்ஸம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, உங்கள் அக்காவுக்குக் குழந்தை கால் பக்கமாக வந்ததைச் சொன்னீர்களே, அதனால்தான் முதலிலேயே பார்த்து இந்தக் குழந்தையைத் திருப்பிவைத்தேன், நல்ல சமயத்தில் சொன்னீர்கள் என்றார். பண்ணாடி, "நீங்க கேக்கவே இல்லைன்னு நெனச்சேனுங்க" என்றாராம்.

இந்த நர்ஸம்மா கையில்தான் பாட்டு வந்து மாட்டியது.

எங்கள் கோயில் சாமியார் வெள்ளைக்காரர், வயசானவர், ரொம்ப சாது. தொண்டைக் கட்டுக்கு மருந்து கொடுக்கப் போன நர்ஸம்மா, அவர் தன் தேசத்திலிருந்து கொண்டுவந்த பெட்டியில் கிடந்த பாட்டுத் தாள்களைப் பார்த்துவிட்டார். நானூறு வருசத்துப் பழைய பூசைப் பாட்டுகள். மெட்ராசில் கன்னியாஸ்திரீகள் கோயிலில் இந்த மாதிரிப் பாட்டை அவர் பாடியிருக்கிறார். தாளைப் பார்த்துப் படிக்கவும் தெரியும். வார்த்தை என்னவோ கொஞ்சம்தான், கடவுளே இரக்கம் வையும் என்று லத்தீனில் ஒரே வாக்கியம். அதை நாலு கூட்டமாகப் பிரிந்து பாட வேண்டும். ஒரு கூட்டம் ஆரம்பித்துப் பாதி வழி போனதும், அடுத்த கூட்டம் அதே வாக்கியத்தை முதலிலிருந்து எடுக்கும். முதல் கூட்டம் நிறுத்தாமல் தன் வழியில் போய்க்கொண்டே இருக்கும். இப்படி நாலும் சேர்ந்துகொள்ளும். யாரும் முன்பாட்டு இல்லை, யாரும் பின்பாட்டு இல்லை. ஆர்மோனியம் கிடையாது, மத்தளம் கிடையாது.

கோயில் பாடற்குழுவில் பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று அப்போது மேலிடத்து உத்தரவு. அதனால் பூசையில் பாட வழியில்லை. கோயிலுக்குள் பாட்டைக் கவனித்துக்கொள்கிறவர் உபதேசியார், ஞானப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவரும் அவரே. அவர் எடுத்துக்கொடுக்க ஆண்கள் திருப்பிப் பாடுவார்கள். நர்ஸம்மா சாமியாரை விடாமல் நச்சரித்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பள்ளிக்கூடத்துக் கட்டடத்தை வாங்கிக்கொண்டு ஆள் சேர்த்தார். நான் பஞ்சு பிரிக்கிற ஜின்னிங் பாக்டரியில் கிளார்க்கு. நாடகப் பாட்டெல்லாம் பாடுவேன், குரல் நன்றாக இருக்கும் என்று எனக்கே ஒரு நினைப்பு உண்டு. மேல் குரல் இரண்டும் பெண்களுக்கு, கீழ்க் குரல் இரண்டும் ஆண்களுக்கு என்று பிரித்து, என்னை மூன்றாம் குரலில் போட்டார். நான் முதல் நாளே ஒரு நல்ல பிருகா போட்டுக் காட்டினேன். "கண்ணு, அந்தச் சுருளையெல்லாம் ஊட்ல வெச்சுப்போட்டு வாங்க. இதுல நேரா நிக்கோணும்" என்றார். அதற்கப்புறம் நான் நேராகத்தான் நின்றேன்.

முதல் ஒத்திகையைப் போல் ஒரு கூத்தை நான் பார்த்ததில்லை. கீழ்க்குரலில் உபதேசியாரும் பண்ணாடி தோட்டத்து ஆட்கள் சில பேரும் ஆரம்பித்தார்கள். கொஞ்சம் போனதும் மூன்றாம் குரல் நாங்கள் சேர்ந்தோம். நாங்கள் வாய் திறந்ததும் கீழ்க்குரல் நின்றுவிட்டது. இரண்டாம் குரல் பெண்கள் சேர்ந்ததும் நாங்கள் நின்றுவிட்டோம். முதல் குரல் எடுத்தபோது இரண்டாம் குரல் நின்றுவிட்டது. கடைசியில் தறிக்காரர் வீட்டு மருமகள் ஒருத்தி மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் எல்லாரும் சும்மா இருப்பதைப் பார்த்து, தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று அவளும் நிறுத்திவிட்டாள். ஏன் நிறுத்தினீர்கள் என்று நர்ஸம்மா கேட்டதற்கு உபதேசியார், "அவங்க பாடறாங்களேங்க. நாம்ப எப்படிங்க நடுவால பாடறது?" என்றார். அவர் கேட்டது நியாயமாகத்தான் எங்கள் எல்லாருக்கும் பட்டது.

அன்றிலிருந்து பாட்டை மூட்டை கட்டி வைத்துவிட்டு, நர்ஸம்மா எங்களுக்குக் குறுக்கே பேசக் கற்றுக்கொடுத்தார். எதிரும் புதிருமாக நிற்கவைத்து, மத்தியானம் வீட்டில் என்ன சாப்பாடு என்று எல்லாரும் ஒரே சமயத்தில் சொல்ல வேண்டும் என்றார். ஆரம்பிக்கவே ஆளில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாக வாய் வந்தது. பிறகு, எதிரே இருக்கிறவர் வீட்டில் என்ன குழம்பு என்று கேட்பார். தெரியவில்லை என்றால் திரும்ப ஆரம்பம். பேசினால் மட்டும் போதாது, பேசும்போதே காது திறந்திருக்க வேண்டும் என்பதுதான் அவர் பாடம். தறிக்காரர் வீட்டு மருமகளுக்குத்தான் ரொம்பச் சங்கடம். அவளுடைய மாமியார் இரண்டாம் குரலில் இருந்தார். அத்தை பேசும்போது நான் எப்படிப் பேச என்று அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். பிறகு என்ன ஆயிற்றோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே மூச்சில் கொள்ளும் கீரையுமாகப் பொரிந்து தள்ளினார்கள். மாமியார் சிரித்த சிரிப்பை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தபோது பாட்டு ஒருவாறு ஓடத் தொடங்கியது. நாலு குரலும் சேர்ந்து ஒலிக்கிற அந்த இடத்தை முதல் தடவை தாண்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. எனக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. நாங்கள் இத்தனை பேரும் வாயை வைத்துக்கொண்டு இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று தோன்றியது.

உபதேசியாருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. கெட்டவர் இல்லை அவர். ஊரிலேயே தணிந்த மனிதர். தெருவில் ஆடு எதிரே வந்தால்கூட வழிவிட்டு நிற்பார். கீழ்க்குரலில் அவர் குரலை அடித்துக்கொள்ள ஆளில்லை. இருந்தாலும் யாராவது நடுவில் இருமினால்கூடப் பாட்டை நிறுத்திவிடுவார். கடவுள் சன்னிதியில் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டுத் திருப்பிச் சொல்லுவதுதான் மரியாதை, இது சந்தைக்கடை மாதிரி இருக்கிறது என்று சாமியாரிடம் போய்ச் சொன்னார். ஞானப் பாடத்துக்குப் பள்ளிக்கூடக் கட்டடம் வேண்டும் என்றும் சொன்னார். சாமியார் இரண்டு பேர் மனசும் நோகக் கூடாது என்று ஒரு முடிவு செய்தார். கோயில் திருவிழா முடிந்த மறுநாள் சாயங்காலம், பள்ளிக்கூடத்தில் ஊரார் எல்லாரையும், எந்த மதத்துக்காரர்களானாலும், கூப்பிட்டு உட்காரவைத்து இதைப் பாட வேண்டும். சபை உட்கார்ந்து கேட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு தொடரட்டும். சிரித்தாலோ எழுந்து போனாலோ அதோடு விட்டுவிட வேண்டும். சபை எப்படி எடுத்துக்கொண்டது என்று சொல்லுகிற பொறுப்பையும் உபதேசியாரிடமே கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு ஒத்திகை முடிந்து கட்டடத்தைப் பூட்டும்போது நர்ஸம்மா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மெட்ராசுல மொத தடவ இதக் கேட்டப்ப எனக்கு அழுவாச்சி வந்துபோச்சுங்க. நாலு பேரு ஒண்ணாப் பேசறாங்க, ஒருத்தரு ஒருத்தர வாய மூடச் சொல்லல. பொறந்ததுல இருந்து எல்லாரும் என்னைய, சித்த சும்மா இரு அம்மணின்னுதான் சொல்லியிருக்கறாங்க. நான் இருக்கறாப்பலயே இருந்துக்கறதுக்கு ஒரு எடம் இருக்குதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இதும் போச்சுன்னா எனக்கு வேற எடமில்லீங்க."

நான் ஏதோ ஆறுதலாகச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் அவர் பூட்டுக்கு எண்ணெய் போடச் சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அந்தச் சாயங்காலம் பள்ளிக்கூடம் நிறைந்துபோயிற்று. தோட்டத்துக்காரர்கள், மில் ஆட்கள், பஞ்சு பார்க்கக் கோயமுத்தூர்க் கோட்டைமேட்டிலிருந்து வந்திருந்த ராவுத்தர்கள் என்று எல்லாரும் வந்திருந்தார்கள். பேசும் படம் பார்த்துவிட்டு வந்து எங்களுக்குக் கதை சொல்லுகிற ஆட்களும் முன்னால் இருந்தார்கள். ஓரத்தில் துணி மூடிய ஆர்மோனியம் ஒன்று இருந்தது. அதையாவது வாசிக்கலாமே என்று உபதேசியார் கேட்டுப் பார்த்திருந்தார், நர்ஸம்மா கூடாது என்றுவிட்டார். நாங்கள் பாட ஆரம்பித்து வெகு நேரம் ஆகியும் சபையில் பாதிப் பேர் அந்த ஆர்மோனியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. அவர், இவர்களுக்குள் ஏதோ தகராறு போலிருக்கிறது, தீர்ந்ததும் ஆரம்பிப்பார்கள் என்றார். பின்னால் யாரோ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். நர்ஸம்மா இரண்டாம் குரலில் பாடிக்கொண்டே, ஒரு கையால் எங்களை நடத்திக்கொண்டு நின்றார். அவர் நெற்றியெல்லாம் வேர்வை.

அந்த நேரம் பார்த்துப் பண்ணாடி வந்தார்.

தோட்டத்தில் தண்ணீர்ப் பங்கீட்டுத் தகராறை முடித்துவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். சபை மொத்தமும் எழுந்து நின்றது. எங்கள் ஊரில் பெரியவர் ஒருவர் வரும்போது 'வாங்க' என்று சொல்லாமல் இருப்பது, அவர் முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம். கீழ்க்குரலில் நின்ற தோட்டத்து ஆட்கள் பாட்டை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். உபதேசியாரும் நிறுத்திவிட்டார். அடிக்குரல் போனதும் எங்களுக்குக் கால் வைக்க இடமில்லாமல் ஆயிற்று. மூன்றாம் குரல் ஆட்டம் கண்டது. முதல் குரலில் மருமகள் கண் கலங்கிப்போய் நின்றாள். இன்னும் ஒரு மூச்சில் எல்லாம் முடிந்திருக்கும்.

நர்ஸம்மா சபையின் பக்கம் திரும்பினார். இரண்டாம் குரல் எந்தச் சுரத்தில் நின்றதோ அதே சுரத்தில், அதே மெட்டில், லத்தீனுக்குப் பதிலாக, "வாங்க… வாங்க… உக்காருங்க…" என்று பாடினார். பாட்டின் நடை மாறவில்லை. 'உக்காருங்க' முடிந்த இடத்தில் லத்தீன் வாக்கியம் தானாகத் தொடர்ந்தது. திரும்பும்போது இடக்கையைக் கீழ்க்குரல் பக்கம் நீட்டினார்.

பண்ணாடி சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் சபையும் உட்கார்ந்தது. சொல்ல வேண்டியதை யாரோ சொல்லிவிட்டதால் தோட்டத்து ஆட்களுக்கு மனசில் இருந்த தடை நீங்கிவிட்டது. விட்ட இடத்தில் பாட்டைப் பிடித்தார்கள். உபதேசியாரும் சேர்ந்தார். இத்தனை மாதம் எங்கள் மரியாதையோடு மல்லுக்கட்டிய நர்ஸம்மா, அதையும் ஒரு குரலாகப் பாட்டுக்குள் சேர்த்துக்கொண்டார் என்று எனக்கு அப்போது புரிந்தது. அதற்கப்புறம் யாரும் ஆர்மோனியத்தைப் பார்க்கவில்லை. எழுந்தவர்களும் போகவில்லை.

பாட்டு நின்றது. முடிந்துவிட்டதா இல்லையா என்று யாருக்கும் நிச்சயமில்லை. உபதேசியார் முன்னால் வந்து கை கூப்பினார். அவர் முகம் சிறுத்துப் போயிருந்தது.

"மன்னிச்சுக்கோணுங்க. நீங்க வாரப்ப நிறுத்தாமப் பாடிப்போட்டாங்க."

பண்ணாடி அவர் கூப்பிய கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"நான் போற எடத்துல எல்லாம் பேச்சு நின்னுபோகுதுங்க. நான் வாரதுக்கு முன்னால அங்க என்ன நடந்துதுன்னு இத்தன வருசத்துல எனக்குத் தெரிஞ்சதே இல்லீங்க. இன்னைக்குத்தான் ஒண்ணு நடந்துட்டிருக்கறப்ப உள்ள வந்திருக்கறேன்" என்றார். பிறகு, "முதல்ல இருந்து நான் கேக்கலையே. திரும்பப் பாடச் சொல்லுங்க" என்றார்.

ராவுத்தர்களில் ஒருவரும் ஆமாம், பாடச் சொல்லுங்கள் என்றார். சபையில் ஒரு கலகலப்பு வந்துவிட்டது. உபதேசியார் சபையைப் பார்த்தார், ஓரத்தில் உட்கார்ந்திருந்த சாமியாரைப் பார்த்தார். முடிவு சொல்ல வேண்டியவர், கீழ்க்குரலில் தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டார். சரி என்கிறாரா, இல்லை என்கிறாரா என்று அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

நர்ஸம்மாவும் அவரைத்தான் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி வழக்கம்போல் பேச ஆரம்பித்தார். மூன்றாம் குரல் அவசரப்படக் கூடாது, முதல் குரல் பயப்படாமல் எடுக்க வேண்டும், கீழ்க்குரல் யார் வந்தாலும் போனாலும் தன் கையசைப்பைப் பார்த்துத்தான் ஆரம்பிக்க…

அதற்குள் உபதேசியார் ஆரம்பித்துவிட்டார்.

ஒருத்தர் பேசும்போது வாய் திறந்தறியாத மனிதர், நர்ஸம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு, முழுக் குரலில் எடுத்தார். தோட்டத்து ஆட்கள் திடுக்கிட்டுப் போய்ப் பின்னாலேயே சேர்ந்தார்கள். நர்ஸம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. நானும் என் முறையைத் தவறவிட இருந்தேன். மூன்றாம் குரல் சேர்ந்தது. சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு, தன் இடம் வந்ததும் நர்ஸம்மாவும் சேர்ந்துகொண்டார்.